பேச்சு வராத படம்

ஸ்கூட்டர் சாவி மாட்டும் ஆணியில் அன்று காலை குடை தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு பொருளை ஓர் இடத்தில் வைத்தால் அது அங்கேதான் இருக்கும். அதனால் தேடவில்லை. நேராகப் போய் என் பையன் எழில் முன்னால் நின்றேன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, இரண்டு காதையும் மூடிய ஹெட்போனோடு யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தான். ஆபீசில் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள் அது. மேஜையைத் தட்டிய பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினான்.

"சாவி என்கிட்டதாம்மா இருக்கு," என்றான். "உனக்குக் காது சரியாக் கேக்கல. பின்னாடி லாரி வந்து நின்னாக்கூடத் தெரியாது. டாக்டரைப் பாப்போம், அப்புறம் தர்றேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காதை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எனக்குக் காது கேட்கவில்லை என்கிறான்! ஆனால் அவன் முகத்தில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. அதிகாரமாக இருந்தால் இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். பயந்துபோனவனிடம் என்ன சண்டை போடுவது? திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டுமே என்று மட்டும் கேட்டேன். பஸ்ஸில் போகலாமே என்றான். திருமுல்லைவாயிலிலிருந்து திருமழிசைக்கு பஸ்ஸில் போவதென்றால் ஆவடியில் ஒருமுறை, பூந்தமல்லியில் ஒருமுறை மாற வேண்டும். போய்ச் சேருவதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அது அவனுக்கும் தெரியும். போகாமலே இருந்துவிட்டால் நிம்மதி என்றுதான் அவன் நினைத்தான்.

நான் ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்து, போன வருடம் ரிட்டயர் ஆனவள். குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு எழில் வாங்கிய இந்த ஃப்ளாட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் மனோகரன் தவறிப்போன பிறகு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்த வயதில் காலை அகட்டிவைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தபோது சிரித்த பெண்கள் எல்லாம் பிறகு என் பின்சீட்டில் ஏறி ஆவடி மார்க்கெட்டுக்கு வந்தார்கள். ரிட்டயர் ஆனதும் எல்லாரும் ஓய்வெடுங்கள், ஓய்வெடுங்கள் என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒத்துவரவில்லை. என்னோடு தைத்த பூங்காவனம் இப்போது திருமழிசை எஸ்டேட்டில் பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் ஒரு யூனிட்டில் இருக்கிறாள். தைத்த துணியைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் என் பெயரைச் சொல்லி, முதலாளியிடம் சம்மதமும் வாங்கிவிட்டாள்.

சாவி போன அன்று சாயங்காலமே அவள் போன் செய்தாள். "இன்னா லோகு, திங்கக்கெழம வந்துர்ற இல்ல? மொதலாளி கேட்டுகினே கீறாரு. நானு பாரிவாக்கம் கூட்ரோட்டாண்ட நின்னுகினு இருக்கேன், என்னையும் இட்டுகினு போயிடு." வருகிறேன் என்றேன். சாவி இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தனைக்கும் காரணம் டி.வி.க்குக் கீழே இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எங்கள் டி.வி. பழசு. அதை மாற்ற வேண்டாம், இந்தப் பெட்டியை மாட்டினால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் படமெல்லாம் ஓடும் என்று இரண்டு மாதத்துக்கு முன் எழில் வாங்கிவந்தான். ஆபீஸ் சிநேகிதன் ஒருவன் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு வாழ்நாளுக்கான படம் இருந்தது. மாட்டினால் பாதிப் படத்துக்குச் சத்தமே இல்லை. படம் ஓடுகிறது, ஆடியோ மட்டும் வராது என்று மூலையில் பெட்டியே எழுதிக் காட்டியது. எழில் விடவில்லை. எந்தெந்தப் படத்தில் இந்தப் பெட்டிக்குப் புரியாத வகை ஆடியோ இருக்கிறதோ அதையெல்லாம் லேப்டாப்பில் போட்டு மாற்றினான். ஒரு வாரம் அந்த லேப்டாப் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் சத்தம் வந்தது. எழில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நானும் என் பிள்ளை கெட்டிக்காரன் என்று கீழ்வீட்டு ராணியிடம் சொல்லிவைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

சத்தம் வந்தது சரி. பாட்டு அதிர்ந்தது, கார் போனது, கதவு அடித்துச் சாத்தியது. பேச்சுதான் சரியாக வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று பேசுவதுபோல எங்கோ முனகலாகக் கேட்டது. தமிழ்ப் படத்தில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. என் மருமகள் ஷர்மிளா தமிழில் டப்பிங் செய்த ஒரு கொரியா நாட்டுத் தொடரைப் போட்டாள் பாருங்கள், அதில்தான் மாட்டிக்கொண்டேன். அழகழகான பிள்ளைகள் வாயைத் திறந்து மூடுகின்றன, என்ன சொல்கின்றன என்று ஒன்றும் விளங்கவில்லை. பேச்சே வரவில்லையே, சத்தத்தைக் கூட்டு என்றேன். கூட்டினால் பாட்டு வந்து காதைக் கிழித்தது. வருகிறதே அத்தை, நன்றாகத்தானே வருகிறது என்றாள் ஷர்மிளா. எழிலும் அதையே சொன்னான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் என்னிடம் பேசும் விதமே மாறிப்போனது. ஒவ்வொரு வார்த்தையாகப் பிய்த்துப் பிய்த்துக் கத்தினார்கள். சாப், பிட், டீங், களா என்று. மனுஷியிடம் பேசுகிற பேச்சா அது? கத்தினால் நான் திரும்பமாட்டேன், அது என் பழக்கம். அதையும் காதுக் கணக்கிலேயே எழுதினார்கள். மிக்ஸி ஓடும்போது சிலிண்டர்காரன் வந்து மணி அடித்துவிட்டுத் திரும்பிப் போனான். அதையும் எழுதினார்கள். அத்தனை வருடம் மெஷின் சத்தத்தில் இருந்தவளாயிற்றே, காது போகாமல் என்ன செய்யும் என்று எழில் போனில் தன் சிநேகிதனிடம் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அடுத்த நாள் சாவி ஆணியில் இல்லை.

வெளியில் சிடுசிடுத்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்கே சந்தேகம். இருக்குமோ? உண்மையிலேயே போய்விட்டதோ? யாரும் இல்லாத நேரத்தில் நானே என்னைச் சோதித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஸ்டேஷனில் மின்சார ரயில் நிற்பதும் கிளம்புவதும் கேட்டது. குக்கர் விசில் கேட்டது. கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்தால் வலது பக்கம் கேட்டது, இடது பக்கம் கேட்டது மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு, கடிகாரத்தின் மேல் எரிச்சல் வந்து பீரோவுக்குள் எறிந்தேன். டாக்டரிடம் போக மறுத்ததற்குக் காரணம் திமிர் என்று எழில் நினைத்தான். திமிரும்தான். ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் சாவியைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாதே.

எங்கள் ஃபேக்டரிக் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் யாரும் கத்தவே மாட்டோம். உதட்டை அசைப்போம், அவ்வளவுதான். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பூங்காவனம் என்ன குழம்பு என்று கேட்பாள், நான் இந்தக் கோடியிலிருந்து காரக்குழம்பு என்பேன். சூப்பர்வைசர் நடுவில் நின்றாலும் ஒன்றும் தெரியாது. அது இன்றுவரை போகவில்லை. எதிர் பிளாக்கில் ரேஷ்மாவும் அவள் வீட்டுக்காரரும் பால்கனியில் சண்டை போட்டால், எங்கள் கண்ணாடி ஜன்னல் சாத்தியிருந்தாலும் சண்டை எதற்கென்று ஷர்மிளாவுக்கு வரி பிசகாமல் சொல்லிவிடுவேன். தப்புதான் அத்தை என்பாள், அப்புறம் என்ன ஆச்சு என்றும் கேட்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷர்மிளா சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். டி.வி. கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எழில் காலை நீட்டிக்கொண்டு பார்த்தான். நான் வேண்டுமென்றே டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். பார்த்தால்தானே வம்பு. ஷர்மிளா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறாள். அந்த வேலைக்கு ஏற்ற பெண். தேய்ப்பதை நிறுத்திவிட்டு, கையெல்லாம் மாவோடு கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, இவ்ளோ நேரமா மழை பெய்யுது, கதவு தட்டுது, மியூசிக் வருது. இந்தப் படத்துல மனுஷங்களே பேசமாட்டாங்களா?"

"பேசுறாங்களே," என்று எழில் டி.வி.யைக் காட்டினான். அவன் விரல் காட்டிய இடத்தில், படத்துக்கு அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்து இருந்தது.

ஷர்மிளா ரிமோட்டை எடுத்து அந்த எழுத்தை அணைத்தாள். மாவு ரிமோட் முழுக்க அப்பிக்கொண்டது. எழுத்து போனதும் எழில் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு முன்னால் குனிந்தான். பிறகு சத்தத்தைக் கூட்டினான். மழை பலமாகப் பெய்தது. ஒரு பெண் கண்ணீர் விட்டுக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். என் பிள்ளைக்கு ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அவன் காது நுனி சிவந்துபோனது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தாய்மொழிப் படத்தையே எழுத்துப் போட்டுத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது பேச்சாகவே கேட்டிருக்கிறது. எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது. அதனால் நான் அதைப் பார்ப்பதே இல்லை.

கீரையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சப்பாத்தி அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் லேப்டாப்பைத் திறந்துகொண்டு தலையோடு தலை முட்டினார்கள். ஷர்மிளாதான் கண்டுபிடித்து எனக்கும் விளக்கினாள். அந்தப் படங்களில் சத்தம் ஆறு பாகமாக இருக்கிறதாம். தியேட்டரில் ஆறு பக்கத்திலிருந்து வருகிற மாதிரி. அதில் பேச்சுக்கென்றே நடுவில் ஒரு பாகம். எங்கள் டி.வி.க்கு இருப்பதோ இடது ஒன்று, வலது ஒன்று. ஆறையும் கலந்து இரண்டாக்க வேண்டிய எழில், முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டான். சட்டை தைக்கச் சொன்னால் இரண்டு கையை மட்டும் தைத்துக் கொடுத்த மாதிரி. எங்கள் ஃபேக்டரிக் கூடத்தில் அப்படிச் செய்திருந்தால் துணி முகத்துக்கே திரும்பி வந்திருக்கும். அதை அவனிடம் சொன்னேன்.

அன்றே ஒரு தமிழ்ப் படத்தைச் சரியாக மாற்றப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். முந்தின நாள் வைத்த சத்தம் அப்படியே இருந்ததா, படத்தில் ஒருவர் "யாரது?" என்றதும் எங்கள் கூடமே அதிர்ந்தது. கீழ்வீட்டு ராணி என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்துவிட்டாள். எழில் அவசரமாகக் குறைத்தான். எனக்கு நெஞ்சு நிறைந்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. படத்தில் யாரோ ஒரு கிழவர் நிலத்தகராறு பேசுகிறார், நான் அழுகிறேன். கேட்கிறது. முழுசாக, வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது.

"சாவி," என்று கையை நீட்டினேன்.

எழில் தயங்கினான். பெட்டி மேல்தான் தப்பு என்பது சரி, ஆனாலும் சிலிண்டர்காரன், கூப்பிட்டால் திரும்பாதது என்று இழுத்தான். எனக்கு வந்ததே ரோஷம். உட்காரடா இப்படி என்றேன். ரிமோட்டை நீயே வைத்துக்கொள், சத்தத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வா, யாருக்கு முதலில் கேட்காமல் போகிறதென்று பார்த்துவிடலாம் என்றேன். அவனுக்கும் ரோஷம் வந்தது. காப்பியடிக்கக் கூடாது என்று அடியில் ஓடும் எழுத்தை அணைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

சத்தம் இருபதில் இருந்தபோது இரண்டு பேருக்கும் கேட்டது. பதினைந்திலும் கேட்டது. ஒவ்வொரு வசனமும் முடிந்ததும் படத்தை நிறுத்துவான், நான் சொல்வேன், சரியா என்று சத்தம் கூட்டி மறுபடி ஓட்டிப் பார்ப்பான். பத்துக்கு வந்தபோது எழில் கழுத்தை நீட்டினான். நாளெல்லாம் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தால் நீட்டத்தான் வேண்டும். எட்டில் அவனுக்குச் சுத்தமாகப் போய்விட்டது. "உனக்குக் கேக்குதாம்மா?" என்றான். குரலில் சந்தேகம் பாதி, ஆச்சரியம் பாதி. நான் டி.வி.யை விட்டுக் கண் எடுக்காமல், "தங்கச்சி கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்னு கேக்கறான்," என்றேன். ஓட்டிப் பார்த்தான். அதேதான். இன்னும் குறைடா என்றேன். நாலுக்குக் குறைத்தான். மின்விசிறிச் சத்தம்தான் கூடத்தில் இருந்தது. படத்தில் அந்தத் தங்கை முகத்தை நேராகக் காட்டி ஏதோ சொன்னாள். "நீ வராத கல்யாணம் எனக்கு எதுக்குண்ணா," என்றேன். அதுவும் அதேதான்.

எழில் எழுந்துபோய் லேப்டாப் பையிலிருந்து சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தான். ஆணியில் மாட்டக்கூட இல்லை, கையில் வைத்தான். "சாரிம்மா," என்றான். போடா என்று அவன் தலையைக் கலைத்துவிட்டேன். ஜெயித்தவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

பத்துக்குக் கீழே எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. யாருக்குத்தான் கேட்டிருக்கும்? உதடு இருந்தது, பார்த்தேன், சொன்னேன்; அந்த டப்பிங் தொடர் மாதிரி இதில் உதடு ஒன்று, பேச்சு ஒன்று இல்லை. எழுத்தைப் பார்த்து அவர்கள் படம் பார்க்கலாம் என்றால் உதட்டைப் பார்த்து நான் சாவி வாங்கக் கூடாதா? இதில் எனக்கு ஒரு துளி உறுத்தல் இல்லை. ஒன்றே ஒன்றுதான். ஷர்மிளா எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலில் நான் வசனம் சொன்னபோது அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை, என் கண் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் காப்பி போடப் போய்விட்டாள். தப்பு கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை என்பதை நான் அந்த ஆட்டத்தில் மறந்தே போனேன். அன்று முழுக்க அவள் எழிலிடம் ஏதாவது சொல்வாளோ என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். ஸ்கூட்டர் இத்தனை நாள் தூசியில் நின்றிருந்தது. துடைத்தேன். முதல் அழுத்திலேயே கிளம்பியது. ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். இரண்டாவது மாடி பால்கனியில் ஷர்மிளா நின்றிருந்தாள். பக்கத்திலேயே எழில் தெருவை வேடிக்கை பார்த்தபடி பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டேனா என்று ஷர்மிளா கேட்டாள். பையைத் தூக்கிக் காட்டினேன். தண்ணீர் என்றாள். பாட்டிலைத் தட்டிக் காட்டினேன். அப்புறம் கொஞ்சம் நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தை, நான் இப்ப குரலே குடுக்கல."

என் கை ஹெல்மெட் வாரில் அப்படியே நின்றுவிட்டது. எழிலைப் பார்த்தேன். அவன் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி தெருநாய் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவே இல்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் அவன் பெண்டாட்டி பேசிக்கொண்டிருக்கிறாள், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சூப்பர்வைசரை நடுவில் நிறுத்திவைத்து நானும் பூங்காவனமும் பேசியது போலவே இருந்தது.

சனிக்கிழமை நாம் இரண்டு பேரும் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், உங்கள் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றது அவள் உதடு. அவசரமே படாமல், பிய்க்காமல், மனுஷியிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். சரிம்மா என்று நானும் குரல் கொடுக்காமல் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பாரிவாக்கம் கூட்ரோட்டில் பூங்காவனம் நின்றுகொண்டிருப்பாள். கேட் வரை ஓட்டிவந்து நிறுத்தி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி வெளியே திருப்பிவைத்தேன். வலது கண்ணாடியில் ஒரு தண்ணி லாரி சின்னதாகத் தெரிந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. போகட்டும் என்று காலை ஊன்றி நின்றேன். அது போன பிறகு, ஈரமாகிக் கிடந்த ரோட்டில் வண்டியை இறக்கினேன்.